வாளி நிறையக் கடல் மணல்

நம் வயதுக்காரர்கள் யாராவது பெங்களூரில் தொம்மலூர் பழைய ஊருக்குள் வளர்ந்திருந்தால் அந்தக் குளிர் நினைவிருக்கும். இப்போது அடிப்பது குளிரே இல்லை. அப்போதெல்லாம் மார்கழியில் விடிந்து வெகுநேரம் ஆனாலும் சந்தின் கடைசி வீடு கண்ணுக்குத் தெரியாது. பால்காரரின் சைக்கிள் மணி முதலில் வரும், அதற்கப்புறம்தான் பால்காரர் வருவார். நமக்கு அது விளையாட்டு. வாயைக் குவித்துப் புகை விட்டு, பீடி குடிக்கிறோம் பார் என்று காட்டுவோம். என் தங்கை மட்டும் அந்த விளையாட்டுக்கு வரமாட்டாள். விளையாட்டுக்குச் செலவழிக்க அவளிடம் மூச்சு இருக்காது.

அவளுக்கு இழுப்பு. வந்துவிட்டால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொள்வாள். தோள் ஏறி ஏறி இறங்கும். தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வரும். அந்த நேரத்தில் பேச மாட்டாள், இருமவும் மாட்டாள். கண்ணை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு எதிரே இருப்பதையே பார்ப்பாள்.

அம்மாவின் வழக்கம் ஒன்று உண்டு. காலையும் மாலையும் அவளைத் திருப்பி உட்காரவைத்து, கவுனைத் தூக்கி, நடு முதுகில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வரும் என்பாள். சத்தம் இருந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. வெந்நீர், கஷாயம், சாம்பிராணிப் புகை. சத்தம் இல்லையென்றால் முதுகில் ஒரு தட்டு தட்டி, "ஓடு" என்பாள். அம்மாவின் காது சொன்னதுதான் எங்கள் வீட்டில் தீர்ப்பு. அப்பா கூட அதைத் தாண்டிப் பேசியதில்லை.

இப்போதுதான் புரிகிறது. மூச்சுக்குத் திணறுகிற பிள்ளைக்குப் புகை போட்டிருக்கிறோம். அப்பா கொத்தனார். மழையில் நனைந்துவிடும் என்று சிமென்ட் மூட்டையையும் சுண்ணாம்பையும் கொண்டுவந்து வைப்பது நாங்கள் படுக்கிற ஒரே அறையில்தான். அதே அறையின் மூலையில் மரத்தூள் அடுப்பு. தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் வாயில் வைத்து அடிக்கிற பம்பு ஒன்று எழுதிக் கொடுத்தார். அப்பா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பம்பு வெச்சா அதுவே பழகிப்புடும். பம்பு அடிக்கிற பொண்ண நாளைக்கு எவன் கட்டிப்பான்?" என்றார்.

அவளுக்கு அப்போது ஏழு வயது.

அம்மா வீட்டுவேலை செய்தது அல்சூர்ப் பக்கம் ஒரு பழைய பங்களாவில். அங்கே இருந்தது ஒரே ஒரு ஆள், ஆங்கிலோ இந்தியக் கிழவி. அவரை நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். பங்களாவுக்குள் நுழைந்தால் அந்துருண்டை வாசனையும் பழைய கேக் வாசனையும் கலந்து வரும். தங்கைக்கு உடம்பு சரியில்லாத நாளில் அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு போவாள், துணைக்கு நானும் போவேன். நான் வெட்கப்பட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நிற்பேன். தங்கைக்கு வெட்கமே கிடையாது. மிஸ்ஸியின் மடியில் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

மிஸ்ஸியிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் எல்லாம் ஒரே ஊரின் படங்கள். சீமையில் கடலோரத்து ஊர் ஒன்று. கோடு போட்ட துணிச் சாய்வு நாற்காலிகள், கடலுக்குள் நீண்டு போகிற மரப்பாலம், அதன் மேல் விளக்குகள், மணலில் வரிசையாகக் கழுதைகள். கழுதைகளின் மேல் தொப்பி போட்ட பிள்ளைகள். மிஸ்ஸி சின்னப் பிள்ளையாக இருந்தபோது சீமையில் இருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு நாள், காலையில் ரயிலேறி அந்த ஊருக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பியிருக்கிறார். அந்த ஒரு நாளைத்தான் மிஸ்ஸி ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கரைக் குச்சி ஒன்று விற்பார்களாம், ரோஸ் நிறம். கடித்துக் கடித்துத் தின்றாலும் உள்ளே கடைசிவரைக்கும் அந்த ஊர்ப் பெயர் எழுதியிருக்குமாம்.

"எனக்கும் இதே வீசிங்தான் பேபி," என்பார் தங்கையிடம். "அந்த ஊர்ல டாக்டர் மருந்தே குடுக்க மாட்டான். கடல் காத்து போதும். ஒரு நாள் போனேன். ஒரே நாள். அப்புறம் நெஞ்சுல சத்தமே இல்ல, தெரியுமா?"

"கழுதை கடிக்குமா மிஸ்ஸி?"

"சீ, இங்கிலீஷ் கழுதை. கடிக்காது."

காவிரிக் கலவரம் நடந்ததற்கு அடுத்த வருடம். அந்தக் குளிரில் தங்கைக்கு இழுப்பு விடவே இல்லை. மிஸ்ஸி ஒரு நாள் அப்பாவை வரச்சொல்லி, "எல்லாரும் மெட்ராஸ் போறோம் மேன். பேபிக்குக் கடல் காட்டணும்" என்று முடிவாகவே சொல்லிவிட்டார். அப்பா உடனே ஒப்புக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

காரணம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ராயபுரத்தில் இருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. பெங்களூர்க் குளிர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கடலோரத்தில் மூச்சு நன்றாக விட்டால் அங்கேயே விட்டுவிடுவது, ஒன்றிரண்டு வருடம் அத்தை வளர்க்கட்டும் என்று அப்பாவும் அத்தையும் பேசி வைத்திருந்தார்கள். அம்மாவும் தலையாட்டியிருந்தாள். எங்கள் இருவருக்கும் சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று அம்மா துணி அடுக்கினாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு நாள்தானே போறோம். எதுக்கும்மா என் எல்லா கவுனும்?"

"கடல்ல நனைஞ்சுடும்டி."

"அண்ணனுக்கு ஒண்ணுதான் வெச்சிருக்கே. அவன் நனைய மாட்டானா?"

அம்மா பையின் வாயைக் கட்டினாள்.

மிஸ்ஸி ஸ்டேஷனுக்குத் தொப்பியோடு வந்தார். மடக்கு நாற்காலி, பிளாஸ்க், ரொட்டி வைத்த டப்பா, குடை. இன்னொரு கையில் ஒரு சின்னத் தகர வாளி. சிவப்புச் சாயம் பாதி உரிந்து, அதில் நட்சத்திர மீன் படம் ஒன்று மங்கலாக இருந்தது. சீமையில் அந்த ஒரு நாளில் மணல் அள்ளிய வாளி. அதைத் தங்கையின் கையில் கொடுத்து, "நிறைய அள்ளணும், என்ன?" என்றார். ராத்திரி முழுக்க அவள் அதைக் கட்டிக்கொண்டே தூங்கினாள்.

காலையில் முதலில் அத்தை வீடு. மீன் வாசனையும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து காற்றே பிசுபிசுவென்று இருந்தது. நான் மூக்கைச் சுளித்தேன். தங்கை மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தாள். "அண்ணா, இங்க காத்து சூடா இருக்குடா" என்றாள்.

அத்தை அவளை அள்ளிக்கொண்டாள். "இன்னாடி இது, கோழிக்குஞ்சு கணக்கா கீறே? உங்காத்தா சோறே போடலியா?" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். தட்டில் வறுத்த மீன் வந்தது.

"பேடா அத்தை," என்றாள் தங்கை, வேண்டாம் என்று கையை ஆட்டி.

"பாருடா தம்பி, ஒம் பொண்ணு எங்கிட்டயே கன்னடம் பேசுது! இருடி, ஒரு மாசத்துல உன்னை ராயபுரத்துக்காரி ஆக்கிக் காட்டறேன்."

அப்பா அவசரமாக இருமினார். தங்கை அத்தையின் இடுப்பிலிருந்து மெதுவாக இறங்கினாள். அறை மூலையில் ஒரு புதுப்பாய் சுருட்டி வைத்திருந்தது. சின்னப் பாய். அதன் மேல் பூப்போட்ட சின்னத் தலையணை, புதுப்பலகை, பல்பக் குச்சி டப்பா. நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் அந்தப் பாயையும், அம்மா கையிலிருந்த பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அத்தையும் எங்களோடு பஸ்ஸேறிக் கடற்கரைக்கு வந்தாள். பையை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் அங்கிருந்தே நேராக ரயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

நான் கடலை அன்றுதான் முதலில் பார்த்தேன். அது பெரிதாக இருந்தது என்று சொல்வதற்கு இல்லை. அது சும்மா இருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மிஸ்ஸி மணலில் நாற்காலியை விரித்து, குடையை ஊன்றி, தொப்பியைச் சரிசெய்து உட்கார்ந்தார். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். சுண்டல்காரர்கூட விற்பதை விட்டுவிட்டு நின்றார். அப்பா யாரோ போலத் தள்ளி நின்றுகொண்டார்.

"வாட் மேன், கடல்கிட்ட வந்து யாராவது மூஞ்ச அப்படி வெப்பாங்களா? உக்காரு. ரொட்டி சாப்பிடு."

"வேணாங்கம்மா. பரவால்ல."

"மிஸ்ஸி, கழுதை எங்க?" என்றாள் தங்கை.

மிஸ்ஸி சுற்றும் முற்றும் பார்த்தார். ஒருவர் எலும்பு தெரிகிற குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். "அதோ! கழுதைதான் அது. கொஞ்சம் வளந்து போச்சு" என்றார் மிஸ்ஸி. கூட்டமே சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். தங்கை குதிரையில் ஏறிக் கடலோரமாகப் போய் வந்தாள். நான் பக்கத்தில் ஓடினேன். அவளும் இறங்கி என்னோடு ஓடினாள். ஓடினாள் என்கிறேன். அதற்கு முன்னால் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. அலை வரும்போது பின்னால் ஓடி, போகும்போது துரத்தி, கத்தி, சிரித்து, வாளி வாளியாக மணலைக் கொட்டி, நனைந்த கவுன் காலில் ஒட்ட ஒட்ட ஓடினாள்.

"பாத்தியா?" என்றார் மிஸ்ஸி. "இன்ஜின் மாதிரி ஓடுது."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா மெல்லத் தலையாட்டினார். அம்மா மட்டும் மணலைக் கையில் எடுப்பதும் விடுவதுமாக இருந்தாள்.

வெயில் இறங்கியது. அப்பா எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். அத்தை தங்கையைக் கூப்பிட்டுத் தலையைத் துவட்டினாள். "கண்ணு, அத்தகூட ஐஸ் வாங்கப் போலாமா? அப்பா அம்மா இப்ப வந்துடுவாங்க" என்றாள்.

தங்கை நகரவில்லை. அத்தையின் கையிலிருந்த பையைப் பார்த்தாள். அப்பா அதை எப்போது கைமாற்றினாரோ தெரியாது. பிறகு இருமத் தொடங்கினாள்.

லொக்கு லொக்கு என்று இருமினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இழுக்குதும்மா. மூச்சு வரலம்மா. வீட்டுக்குப் போலாம்மா" என்றாள். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருமினாள்.

"இவ்ளோ நேரம் நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு?" என்றாள் அத்தை.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா முட்டி போட்டு உட்கார்ந்து, அவளைத் திருப்பி, ஈரக் கவுனைத் தூக்கி, நடு முதுகில் காதை வைத்தாள். அலை வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது. வழக்கத்தைவிட நேரமானது. தங்கை கழுத்தை மட்டும் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். இருமலை விட்டுவிட்டு அசையாமல் நின்றாள்.

அம்மா முகத்தை எடுத்தாள். கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது.

"இழுக்குதுங்க," என்றாள் அப்பாவிடம். "இந்தக் காத்து இவளுக்கு ஒத்துக்கல."

"காலையிலேர்ந்து நல்லாத்தானே..."

"நான்தானே கேட்டேன். இழுக்குது."

அப்பா அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அத்தையிடம் போய்ப் பையை வாங்கிக்கொண்டார். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தலகாணிய யாருக்குக் குடுப்பேன்டா?" என்றாள். மிஸ்ஸி நாற்காலியை மடக்கவே இல்லை. "எனக்கு ஒரே நாள்ல சரியாச்சே, எனக்கு ஒரே நாள்ல..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷன் படிகளில் அப்பா தங்கையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அவள் தூங்கிவிட்டாள். அவள் நெஞ்சு அப்பாவின் காதோரம் இருந்தது. மேலே ஏறியதும் அப்பா சற்று நின்றார். களைப்பு என்று நினைத்தேன். பையும் மணல் நிறைந்த வாளியும் என் கையில்.

நான் கடலைத் திட்டிக்கொண்டே வந்தேன். என் தங்கைக்கு ஒத்துக்கொள்ளாத கடல் என்று பல வருடம் அதன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. உண்மையான இழுப்பு வந்தால் அவளால் இரண்டு சொல் சேர்த்துப் பேச முடியாது என்பது எனக்கு அன்று நினைவுக்கே வரவில்லை.

பொங்கல் முடிந்து, குளிர் விடப்போகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அவளுக்கு மறுபடி வந்தது. இரண்டு நாள் விடாமல் இழுத்தது. கஷாயம், புகை எல்லாம் ஆயிற்று. மூன்றாம் நாள் விடியற்காலையில் பூனைக்குட்டிச் சத்தம் சட்டென்று நின்றது. அம்மா முதுகில் காதை வைத்துக் கேட்டாள். இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள்.

"ஒண்ணும் கேக்கல," என்றாள் சந்தோஷமாக. "அடங்கிடுச்சுங்க. கொஞ்சம் தூங்கட்டும்."

அவளைச் சுவரோரமாகப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டாள். வெளியே பால்காரர் மணி கேட்டது. அம்மா பால் வாங்கி, அடுப்பு மூட்டி, டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் எழுப்பினாள். உதடு நீலமாக இருந்தது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு பனியில் ஓடினார். ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சத்தம் நின்றால்தான் ஆபத்து, உள்ளே காற்றே போகவில்லை என்று அர்த்தம் என்று அங்கே சொன்னார்களாம். அம்மா அதற்கப்புறம் யார் முதுகிலும் காதை வைத்ததில்லை.

மிஸ்ஸி எங்கள் சந்துக்கு அன்றுதான் முதல்முறையாக வந்தார். தொப்பி இல்லாமல் வந்தார். கழுதைகள் இருந்த படத்தை எடுத்து வந்து தங்கையின் கைக்குள் வைத்தார். அதோடுதான் புதைத்தோம்.

கட்டிலுக்கடியில் வாளி அப்படியே இருந்தது. மணல் காயவே இல்லை. பல வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அதை வெளியே எடுத்தார். கொஞ்சம் சிமென்ட்டோடு அந்த மணலைக் கலந்து, தங்கை படுத்திருந்த இடத்துச் சுவரில் காரை உதிர்ந்திருந்த பாகத்தைப் பூசினார். கடல் மண்ணில் பூசினால் சுவர் ஆயுசுக்கும் வேர்க்கும், உப்புப் பூக்கும், எந்த வண்ணமும் நிற்காது என்று எத்தனையோ மேஸ்திரிகளோடு சண்டை போட்டவர் அவர். துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். காலி வாளியை வேலைக்குக் கொண்டுபோனார். சுண்ணாம்பு கரைத்துக் கரைத்து அடி ஓட்டையாகி, ஏதோ ஒரு கட்டடத்தில் தொலைந்தது. நான் ஐந்தாவது முடித்த கையோடு அப்பாவுக்குச் சிற்றாளாகப் போனேன். வீட்டில் மூன்று பேரும் அதிகம் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். எனக்கு அது சுபாவத்துக்கு ஒத்துவந்தது.

அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டுக்கு வண்ணம் அடிக்க வேண்டியிருந்தது. மற்ற சுவரெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக அந்த இடத்துக்கு வந்தேன். வழக்கம்போல வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கொத்திவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்று உளியை எடுத்தேன். அம்மா வாசற்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அத விட்டுடுடா," என்றாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க வருவாங்கம்மா. அசிங்கமா இருக்கு."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"அன்னிக்கு பீச்சுல எனக்கு ஒண்ணுமே கேக்கலடா. அவ முதுகுல காதை வெச்சேன். உள்ள சுத்தமா இருந்துச்சு. கடல் மட்டும்தான் கேட்டுச்சு."

நான் உளியைக் கீழே இறக்கினேன்.

"திரும்பி என்னப் பாத்தா. விட்டுட்டுப் போயிடாதம்மான்னு வாயால சொல்லல. என்னால முடியலடா. இழுக்குதுன்னு சொல்லிட்டேன்."

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தைக் குழாயடியில் வைக்கிற சத்தம் கேட்டது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

"ஒரு நாளும் என்னக் கேட்டதில்ல," என்றாள் அம்மா. "தெரியாமயாடா கடல் மண்ணுல செவுரு பூசினாரு?"

ஸ்டேஷன் படி ஏறியதும், அவள் நெஞ்சு காதோரம் இருக்க, அப்பா சற்று நின்றது நினைவுக்கு வந்தது. உளியைப் பையில் போட்டேன். பெண் வீட்டார் வந்த அன்று அந்த இடத்தை ஒட்டி அம்மா ஒரு பாயை விரித்து, அதன் மேல் தானே உட்கார்ந்துகொண்டாள். போகும்வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் போன பிறகு பார்த்தேன், புதுப் புடவையின் முதுகெல்லாம் வெள்ளையாக உப்பு.